இருபத்திரண்டு நொடி

கேட்காத எண்ணெய் வீடு தேடி வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். புகழ்வேந்தனுக்குப் பசி வந்தது.

வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் தனக்கொடியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை கூரியரில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வந்தது. அனுப்பியது பாகூர் லில்லி செக்கு. அலுவலகத்தில் யாரும் ஆர்டர் போடவில்லை. திருப்பி அனுப்பிவிடு என்று தனக்கொடி சொன்னாள். உதவியாளன் புகழ்வேந்தன் அதைத் தோசைக்கல்லுக்கு அனுப்பிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பாட்டிலில் பாதி காலி. எண்ணெய் இறங்கிய பிறகுதான், லேபிளின் உட்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் நெருக்கி எழுதியிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது.

'அம்மா, என்னை ஒருத்தன் மிரட்டறான். ஞாயிறு சாயந்திரம் ஆறு மணிக்குள்ள காமராவை அணைச்சுட்டு என் பேஜை மூடணுமாம். இல்லேன்னா ஒரு வீடியோவை ஊருக்கே அனுப்புவானாம். நான் யாரோட பேசினாலும் லைவ்ல பாத்துடறான். போன் பண்ணாதீங்க. எண்ணெய் ஆட்ட வர்ற ஆள் மாதிரி வாங்க. லில்லி.'

"பாத்தியாக்கா, நான் துன்னதாலதான் இந்த கேஸே கெடச்சுது" என்றான் புகழ்வேந்தன்.

"வெள்ளிக்கிழமையே துன்னு முடிச்சிருந்தா வெள்ளிக்கிழமையே கெடச்சிருக்கும். மணி ரெண்டரை ஆவுது. வண்டிய எடு."

தனக்கொடிக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடை தானாக எரிந்ததா என்று பார்த்துச் சொன்னவள். பொய் சொல்பவர்களை அவள் திட்டுவதே இல்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவர்களுக்கே அலுத்துப் போய்விடும். புகழ்வேந்தன் முப்பத்தெட்டு வயதுக்காரன், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஆயிரம் கல்யாணம் எடுத்தும் தன் கல்யாணத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் படம்தான் அவனுக்கு மிச்சம்.

கிளம்பும் முன் லில்லி செக்கின் பேஜைத் திறந்து பார்த்தார்கள். அறுபத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். மேலே ஒரே வரி: 'கண்ணால பாத்து வாங்குங்க.' காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை செக்கு ஓடுவது நேரலையில் தெரிகிறது. என்ன பருப்பு கொட்டுகிறார்கள், என்ன எண்ணெய் வடிகிறது, யார் கையால் பாட்டிலில் நிரப்புகிறார்கள் எல்லாம் தெரிகிறது. பெங்களூரில் பிள்ளை பெற்றவள் கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போடுகிறாள்.

வில்லியனூர் கடைத்தெருவில் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைப் பருப்பு பன்னிரண்டு கிலோ வாங்கி, சாக்கை வண்டியின் முன்னால் வைத்து, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். தெரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருந்தது. செக்குக்கு எதிரே கூட்டுறவுச் சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்தது.

"உள்ள போனா அக்கா தம்பி. புருசன் பொண்டாட்டின்னு எவனாவது நெனச்சிடப் போறான், தள்ளியே நில்லு" என்றாள் தனக்கொடி.

"நானும் அதத்தான் சொல்ல வந்தன். என் வூட்டுக்காரி லைவ்ல பாத்தா கேஸ் வேற மாதிரி போயிடும்."

உள்ளே ஒரு நீளக் கூடம். நடுவில் வாகை மரச் செக்கு. வாசல் ஷட்டருக்கு மேலே ஒரு இரும்புத் தாங்கியில் பொருத்திய கைபேசி, கூடத்தைப் பார்த்தபடி இருந்தது. ஊரே பார்க்கும் கண் அதுதான். கூடத்தின் கடைசியில் ஒரு துணித்திரை. திரைக்குப் பின்னால் பாட்டில் கட்டும் அறை, அதற்குப் பின்னால் வீடு. வீட்டிலிருந்து தெருவுக்கு வர இந்தக் கூடம்தான் வழி, பின்பக்கக் கொல்லைக் கதவு சாமான் இறக்க மட்டும். லில்லி வீட்டில் யார் வெளியே போனாலும் அறுபத்தோராயிரம் பேரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வாங்க வாங்க, மல்லாட்டையா? நல்லா காஞ்சிருக்குதா?" லில்லி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலில் சந்தோஷம் பொங்கியது. கண்ணுக்குக் கீழே நாலு நாள் தூக்கமில்லாத கருப்பு.

"எங்க பருப்ப எங்க கண்ணு முன்னாடியே ஆட்டிக் குடுத்துடும்மா. வேற பருப்போட கலந்துட்டா தம்பிக்கு ஒத்துக்காது" என்றாள் தனக்கொடி, ஷட்டரின் மேலிருந்த கைபேசிக்கும் கேட்கும்படி.

அந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். சொந்தப் பருப்பைக் கொண்டுவருபவர்கள் எண்ணெய் வடியும்வரை செக்கடியை விட்டு நகர மாட்டார்கள். எண்ணெயோடு பிண்ணாக்கையும் எடைபோட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

செக்கு ஓட்டும் தங்கவேல், வாய் திறக்காத நோஞ்சான் மனிதர், பருப்பைக் கொட்டிவிட்டு மோட்டாரைப் போட்டார். கூடம் அதிர்ந்தது. பக்கத்தில் இருப்பவனிடம் கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எவ்வளவு கத்தினாலும் ஷட்டருக்கு மேலிருந்த கைபேசிக்கு மோட்டார் சத்தம்தான் கேட்கும். தனக்கொடி கல்லாவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். லில்லியின் கணவர் சேவியர். முன்பு கரும்பு வெட்டப் போனவர், இப்போது பாட்டில் கட்டுகிறார். கூடத்தின் நடுவில் வராமல், இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நடந்து வந்தார்.

"டீ சாப்புடுங்கக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்." அதே சுவரோரமாகத் திரும்பிப் போய்த் திரைக்குள் மறைந்தார்.

புகழ்வேந்தன் தன் கைபேசியில் லைவைத் திறந்து, தன் தலைமுடி எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். இருநூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் வந்தது தெரிந்தது, சேவியர் தெரியவில்லை.

"குனிஞ்சிகினே பேசு" என்றாள் தனக்கொடி லில்லியிடம். "பாட்டில் அடுக்கற மாதிரி பேசு."

லில்லி குனிந்தாள். பாட்டில்களை எடுப்பதும் வைப்பதுமாகச் சொன்னாள். புதன்கிழமை தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கொல்லைக் கதவருகே ஒரு லோடு ஆட்டோவிலிருந்து தங்கவேல் தகர டின்களை இறக்குகிறார். டின்களின் மேல் பாமாயில் லேபிள். அவ்வளவுதான் வீடியோ. அதன் கீழே மிரட்டல்.

"பேஜ் போனா இன்னொண்ணு ஆரம்பிச்சிக்கலாமே" என்றான் புகழ்வேந்தன்.

லில்லி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். "எங்கம்மா, எங்கப்பா, இவரு, இவங்கப்பா எல்லாம் கழனி வேலைக்குப் போனவங்கண்ணா. நாங்க செக்கு போட்டப்போ எங்க கையால எண்ணெய் வாங்க இந்த ஊர்ல யோசிச்சாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க, பக்கத்து ஊர்ல வாங்கிக்கறோம்பாங்க. கொரோனா வந்த வருசம் யாரும் வெளிய வர முடியல, போனத் தூக்கி மேல வெச்சன். பாத்தாங்க. பாத்துப் பாத்துதான் நம்பனாங்க. இப்ப அதே தெருவுலேருந்து தூக்கு எடுத்துகினு வராங்க. இது போச்சுன்னா நான் திரும்ப மொதல் நாள்லேருந்து நிக்கணும். என்னால முடியாது."



"யாருகிட்ட சொன்ன?" என்றாள் தனக்கொடி.

"இவருகிட்ட மட்டும். மானம் போறதுக்கு முன்னாடி நாமளே மூடிடலாம் லில்லின்னாரு. அவரு பயந்துட்டாரு பாவம். எனக்கு மணவாளன் மேலதான் சந்தேகம். பக்கத்து வூடு. கரும்பு வெவசாயம், போன மாசம் அவரும் எண்ணெய்க் கடை போட்டு பேஜ் ஆரம்பிச்சாரு. அவர் மாடிலேருந்து பாத்தா எங்க கொல்ல நல்லா தெரியும்."

லில்லி தன் கைபேசியைப் பில் புத்தகத்தின் இரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்து நகர்த்தினாள். தனக்கொடி விலைப்பட்டியல் பார்ப்பவள் போல வீடியோவை இரண்டு முறை பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் புகழ்வேந்தன் பக்கம் திருப்பினாள்.

"கல்யாண வீடியோ கண்ணு இன்னா சொல்லுது?"

"எடுத்தவன் மாடில இல்லக்கா. மேலேருந்து எடுத்தா டின்னோட மூடிதான் தெரியும். இதுல லேபிள் நேருக்கு நேரா படிக்க முடியுது. கொல்லையிலயே நின்னு எடுத்திருக்கான்."

"அப்ப மணவாளன் இல்ல. வேற?"

"நம்ம தங்கவேலு அண்ணன் கைக்கு ரெண்டு டின்னா, ஒரே நேரத்துல நாலு தூக்கினு போறாரு. நெறஞ்ச டின்னு ஒண்ணு பதினஞ்சு கிலோ. இந்த ஒடம்பு அறுவது கிலோ தூக்கியிருந்தா, நாம எண்ணெய் வாங்க வந்திருக்க மாட்டோம், மால வாங்கினு வந்திருப்போம்."

லில்லி தலையாட்டினாள். காலி டின்தான். புதுச்சேரியில் ஒரு பேக்கரியிலிருந்து வாங்கி, வெந்நீரில் கழுவி, விளக்குக்கு விற்கும் இலுப்பை எண்ணெயும் வேப்பெண்ணெயும் அதில் ஊற்றுகிறார்கள். சாப்பாட்டு எண்ணெய் ஒரு சொட்டு அதில் போகாது.

"இத ஏன் நீ பேஜ்ல சொல்லல?"

"எல்லாத்தையும் காமிச்சன். இது ஒண்ணுதான் வெக்கமா இருந்துச்சி. பாமாயில் பேர் போட்ட டின் எங்க வூட்ல கெடக்குதுன்னு எப்படிக் காமிக்கறது? கொல்லப் பக்கம் காமரா இல்லன்னு இருந்துட்டன். இப்ப சொன்னா மாட்டிகினு சொல்றான்னு சொல்லுவாங்க."

மணி ஐந்து. செக்கிலிருந்து எண்ணெய் நூலாக வடிய ஆரம்பித்திருந்தது. லில்லிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கொரோனா வருடத்திலிருந்து ஆறு வருடமாக அவள் சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு மணி நேரத்தின் மேல் நின்றது. தனக்கொடி டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, பில் தாளில் ஏதோ எழுதிக் கிழித்து லில்லியின் கையில் கொடுத்தாள். கொல்லைப் பக்கம் யார் யார் வந்து போவார்கள் என்ற கேள்வி.

லில்லி அதைப் படித்து மடிக்கும்போது பில் புத்தகத்துக்குள் கைபேசி நடுங்கியது.

'அந்தம்மா யாரு? சீட்டுல இன்னா எழுதிக் குடுத்தா?'

லில்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாத்துகினு இருக்கான். லைவ்ல பாத்துகினு இருக்கான்" என்று முனகினாள்.

"இல்லியே" என்றான் புகழ்வேந்தன்.

அவன் கண் தன் கைபேசியில் இருந்தது. அதில் ஓடிய லைவில் தனக்கொடி இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வைக்கவில்லை, பேனாவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தத் திரையில் இருந்த தனக்கொடி தாளைக் கிழித்தாள்.

"அக்கா, உன் மூக்குக் கண்ணாடியக் கழட்டி மறுபடியும் போடு."

அவள் கழற்றிப் போட்டாள். அவன் தொடையில் விரலால் தட்டித் தட்டி எண்ணினான். இருபத்திரண்டாவது தட்டில் திரையில் இருந்த தனக்கொடி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருபத்திரண்டு நொடி. லைவுன்னு பேருதான், இதெல்லாம் பழசு. கல்யாண லைவுல துபாய்ல இருக்கற தாய்மாமன் 'தாலி கட்டப்போறாங்க, எல்லாரும் வாங்க'ன்னு பொண்டாட்டி புள்ளையக் கூப்புடுவான். இங்க மாப்ள மெட்டி போட்டுகினு இருப்பான். லைவ்ல பாக்கறவன் இத இப்பத்தான் பாத்திருக்கணும். மெசேஜ் போட்டவன் அப்பவே பாத்துட்டான்."

"அப்ப அவன் காமரா வழியா பாக்கல."

"கண்ணால பாக்கறான்கா. பேஜ்ல எழுதியிருக்கற மாதிரியே."

இந்தக் கூடத்தைக் கண்ணால் பார்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? தெருவில் ஒரு ஆடும் பூட்டிய சங்கக் கட்டடமும்தான் தெரிந்தன. அந்தக் கட்டடத்தின் ஜன்னலுக்குப் பின்னால் யாராவது இருக்கலாம். உள்ளே தங்கவேல் இருக்கிறார், ஆனால் அவருடைய இரண்டு கையும் செக்கில் பருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தன. தனக்கொடியின் கண் டீ டம்ளரில் விழுந்தது.

"புகழு, டீ கொண்டாந்த ஆளு உன் போன்ல தெரிஞ்சாரா?"

"டம்ளர்தான் தெரிஞ்சுது. அவரு சொவரோரமா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். படம் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று எடுப்பவனுக்குத் தெரியும். அல்லது, படத்தில் விழவே கூடாது என்று தினமும் அளந்து நடப்பவனுக்குத் தெரியும்.

தனக்கொடி பில் புத்தகத்தில் ஒரு முழுத் தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். லில்லிக்குக் காட்டவில்லை. எழுந்து செக்கின் முன்னால் போய், ஷட்டரைப் பார்த்தபடி நின்று, காமராவுக்கு நேராக ஒரு சிரிப்பு சிரித்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையில் தாள் விரிந்திருந்தது. காமராவுக்கு அது தெரியாது. தெருவிலிருந்து பார்ப்பவனுக்கும் தெரியாது. பின்னால் இருந்த திரைக்கு மட்டும்தான் தெரியும்.

புகழ்வேந்தன் பக்கவாட்டில் எட்டிப் படித்தான். 'சேவியர், மணி அஞ்சரை ஆவப் போவுது. நீயே வந்து சொல்லிடுப்பா. நான் சொன்னா நல்லா இருக்காது.'

லில்லியின் கைபேசி நடுங்கவில்லை. செக்கு சுற்றியது. தனக்கொடி சிரித்த முகத்தோடு அசையாமல் நின்றாள். லில்லி ஒன்றும் புரியாமல் அவளையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னச் சீட்டுக்கே கேள்வி கேட்ட மிரட்டல்காரன் இந்தப் பெரிய தாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாவம், லில்லி அதை நல்ல சகுனம் என்று நினைத்தாள்.

திரை விலகியது. சேவியர் வந்தார். இந்த முறை சுவரோரமாக வரவில்லை. கூடத்தின் நட்டநடுவில் நடந்து வந்து லில்லியின் எதிரில் நின்றார். கையில் ஒரு பழைய பட்டன் போன் அளவுக்குச் சின்னதாக இன்னொரு கைபேசி.

"நான்தான்" என்றார்.

"இன்னாது நான்தான்?"

"புதன்கிழம அனுப்பினது. நேத்து அனுப்பினது. இப்ப அனுப்பினது. எல்லாம் நான்தான்."

செக்கு ஓடும் கூடத்தில் பேசும் எல்லோரையும் போல அவர் கத்தித்தான் சொன்னார். லில்லியும் கத்தித்தான் கேட்டாள். அவர்கள் வீட்டில் வருடக்கணக்காகப் பேச்சே அப்படித்தான்.

"ஏன்யா? நான் உனக்கு இன்னா பண்ணன்?"

"எங்கப்பன் செத்தன்னிக்கு இந்தக் கூடத்து வழியாத்தான் தூக்கினு போனோம். வேற வழி இல்ல. நீ காமராவ அணைக்க மறந்துட்ட. நாலாயிரம் பேரு பாத்தான். நான் அழுவறன், அதுக்கு ஆயிரம் பேரு லைக் போட்டான். அன்னிக்குத்தான் உன் பேஜு பெருசாச்சி."

"தெரியாம நடந்துச்சி. அத அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"எங்க கேக்கறது? ஒம்போது மணிக்கு அணைச்சிட்டு பன்னெண்டு மணி வரைக்கும் கமெண்டுக்குப் பதில் போடற. நம்பிக்க, நம்பிக்கன்ற. ஊரு நம்பறதுக்கு நான் என் வூட்டுக்குள்ள திருடன் மாதிரி சொவரப் புடிச்சிகினு நடக்கறன்."

"அந்த வீடியோவ அனுப்பியிருப்பியா?"

"மாட்டன். அது வெளிய போனா நீ தாங்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? பயந்து நீயே அணைச்சிடுவன்னு நெனச்சன்." சேவியர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். "ஆறு வருசமா உன்னாண்ட ஒரு சண்ட போட முடியல லில்லி. வாயத் தொறந்தா லைவ் ஓடுது."

"அதுக்காக பாமாயில் டின்ன வீடியோ புடிச்சி என்ன மிரட்டுவியா?"

லில்லி கத்திய அந்தக் கடைசி வாக்கியம் கூடத்தில் கணீரென்று ஒலித்தது. தங்கவேல் மோட்டாரை நிறுத்தியிருந்தார். பருப்பு முடிந்துவிட்டது, எண்ணெய் வடிந்துவிட்டது, அவர் தன் வேலையைச் செய்தார். கத்திப் பழகிய வாய்க்கு அது தெரியவில்லை.

ஐந்து பேரும் ஷட்டருக்கு மேலே பார்த்தார்கள்.

இருபத்திரண்டு நொடி அந்தக் கூடத்தில் யாரும் மூச்சு விட்டதாகப் புகழ்வேந்தனுக்கு ஞாபகமில்லை. பிறகு அவன் கைபேசியிலிருந்து லில்லியின் குரல் அதே வாக்கியத்தைக் கத்தியது. கமெண்டுகள் குவிய ஆரம்பித்தன. 'பாமாயிலா?' 'லில்லிக்கா இன்னா சொல்றீங்க?' 'அந்தாள் யாரு?' 'கொழந்தைக்கு இந்த எண்ணெய்தான் தேய்க்கறன்.' பார்த்துக்கொண்டிருந்த இருநூற்று நாற்பது பேர் ஆயிரம் பேராகி, பிறகு மூவாயிரம் பேரானார்கள்.

"மிரட்டனவன் அனுப்பல" என்றான் புகழ்வேந்தன் மெல்ல. "நீங்களே அனுப்பிட்டீங்க."

லில்லி அழவில்லை. அழுவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அவள் திரையை விலக்கி உள்ளே போய், ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரலில் மாட்டித் தூக்கினாள். லேபிளைக் காமராவுக்கு நேராகத் திருப்பினாள்.

"எல்லாரும் பாருங்க. பாமாயில் டின்னுதான். காலி டின்னு. வெளக்கு எண்ணெய் ஊத்தறதுக்கு வாங்கறோம். மூணு வருசமா வாங்கறோம். இத உங்களுக்குச் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சி, அதான் சொல்லல, வேற காரணம் இல்ல. வெளக்கு எண்ணெய் வாங்கனவங்க வந்து மோந்து பாருங்க. நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்களத் தப்பு சொல்ல மாட்டன்." குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது. "இப்ப கடைய சாத்தறன். எனக்கு எங்க வூட்டுக்காரரோட பேச வேண்டியிருக்குது."

ஸ்டூலைப் போட்டு ஏறி, தாங்கியிலிருந்து கைபேசியைக் கழற்றி அணைத்தாள். மணி ஐந்து ஐம்பது. தங்கவேல், யாரும் சொல்லாமலே, ஷட்டரை இழுத்து மூடினார்.

கூடம் இருண்டு அமைதியானது. சேவியர் பிண்ணாக்கு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். செய்ததற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, காமரா அணைந்ததில் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நாம கெளம்பலாம்" என்றாள் தனக்கொடி. "இது இனிமே நம்ம கேஸ் இல்ல."

புகழ்வேந்தன் எண்ணெய்த் தூக்கை எடுத்தான். அப்போது வெளியே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"லில்லிக்கா, லைவ் கட் ஆயிடுச்சே. ஒண்ணும் பிரச்சன இல்லியே?"

"நாங்க நம்பறோம்கா. கதவத் தொறங்க."

"அந்தாளு உங்கள அடிக்கறாரா? சொல்லுங்க, நாங்க இருக்கோம்."

புகழ்வேந்தன் ஷட்டரின் இடுக்கில் கண்ணை வைத்தான். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அபிஷேகப்பாக்கத்திலிருந்து கூட வந்துகொண்டிருப்பதாக ஒருவன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு கைபேசி தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. முன்னால் நின்ற ஒருத்தன் தன் கைபேசியைப் பார்த்து, "இப்ப நாம லில்லி செக்கு வாசல்லதான் நிக்கறோம் நண்பர்களே, உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியல" என்று ஆரம்பித்திருந்தான். புகழ்வேந்தன் தன் கைபேசியில் தேடினான். ஐந்து பேர் லைவ் போட்டிருந்தார்கள். ஐந்திலும் இதே மூடிய ஷட்டர்.

தனக்கொடி கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மணவாளன் மாடில போனத் தூக்கினு நிக்கறாரு. பக்கத்துல அவங்க வூட்டு சனமெல்லாம் நிக்குது."

"அப்ப நாம எப்படிக்கா வெளிய போறது?"

"உக்காரு. வேற இன்னா பண்றது."

அவன் உட்கார்ந்தான். தட்டும் சத்தம் நிற்கவில்லை. எல்லாம் அன்பான குரல்கள்தான், அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. விரோதி என்றால் கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

லில்லி ஷட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிறகு பிண்ணாக்கு மூட்டையின் மேல், சேவியருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"சண்ட போடணும்னியே, போடு" என்றாள். "மெதுவா போடு. வெளிய கேக்குது."

சேவியர் அவள் பக்கம் குனிந்து, ஆறு வருடச் சண்டையைக் காதோடு காதாக ஆரம்பித்தார்.